எதிராளி இல்லாத ஏலம்

விசில் சத்தம் கேட்டால் ஓடிவிடுவது என் பிறவிக் கோளாறு. சாந்தோம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் இருபத்திரண்டு வருடமாக உடற்பயிற்சி ஆசிரியராக இருக்கிறேன்; விசில் எப்போதும் என் கையில்தான் இருக்கும். ஆனாலும் ஒரு தடவை, யாரும் விசில் அடிக்காமலே ஓடி, முதலாவதாக வந்து, ஐந்து லட்ச ரூபாயைத் தொலைத்தேன். ஓடிய இடம் மைதானம் இல்லை. அடையாறில் ஒரு வங்கி மேனேஜரின் அறை.

என் மனைவி ஸ்டெல்லாவின் தம்பி ஜெரால்டு, தரமணி ஐ.டி. கம்பெனிகளுக்கு மதியச் சாப்பாடு அனுப்பும் தொழில் தொடங்கினான். நல்ல கைப்பக்குவம். (அவன் வைக்கும் வஞ்சிர மீன் குழம்புக்கு முன்னால் எனக்குச் சுயமரியாதை கிடையாது.) வேன், பாத்திரம், சமையல்கூடம் எல்லாவற்றுக்குமாகப் பதினைந்து லட்சம் கடன் கேட்டான். உறவுக்காரர் இரண்டு பேர் ஜாமீன் கையெழுத்துப் போடவேண்டும் என்றது வங்கி. வீட்டில் இரண்டு மாப்பிள்ளைகள் இருக்கும்போது வேறு யாரைத் தேடுவது? ஒருவன் நான். இன்னொருவர் என் சகலை சேவியர், ஸ்டெல்லாவின் அக்கா வீட்டுக்காரர். தி.நகரில் வணிகவியல் ஆசிரியர்.

இந்த சேவியர் அண்ணனைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். மாமனார் ஒரு மின்விசிறி வாங்குவதென்றாலும் "சேவியரைக் கேட்டுக்கலாம்" என்பார். என்னைக் கூப்பிடுவது பீரோவை நகர்த்தும்போது மட்டும். பதினேழு வருடம் பீரோ நகர்த்திய மனது எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

வங்கிக்குப் போகிற அன்று காலையில் ஸ்டெல்லா தெளிவாகச் சொல்லி அனுப்பினாள். "நம்ம கையில இருக்கிறது ஆக்னஸ் காலேஜுக்குப் போட்டு வெச்ச ஆறு லட்சம்தான். அத்தான் எவ்வளவு எழுதுறாரோ அவ்வளவுதான் நீங்களும். ஒரு ரூபா கூடக் கூடாது." எங்கள் மகள் ஆக்னஸ் அப்போது பத்தாம் வகுப்பு. நானும் பெரிதாகத் தலையாட்டிவிட்டுத்தான் போனேன்.

மேனேஜர் பொறுமையான அம்மாள். ஜெரால்டு கட்டாவிட்டால் எங்களிடம் வருவார்கள். ஆனால் நாங்கள் எழுதிக்கொடுத்த வரம்புக்கு மேல், எங்கள் தரப்புத் தாமதத்துக்கான வட்டியைத் தவிர, கேட்கமாட்டார்கள் என்று விளக்கினார். சேவியர் அண்ணன் நான்கு கேள்வி கேட்டார், நான்கும் நல்ல கேள்விகள். பிறகு தன் வரம்பு இரண்டு லட்சம் என்றார். எங்களோடு வந்து நாற்காலியில் சாய்ந்திருந்த மாமனார், "பாருங்க மாப்ள, விவரம்னா இது" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

எனக்கு விசில் கேட்டது.

"எனக்கு மூணு லட்சம் போட்டுக்குங்க மேடம்" என்றேன்.

மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். பதினேழு வருடத்தில் அவர் என்னை முழுதாகப் பார்த்தது அப்போதுதான். மூத்த மாப்பிள்ளைக்கு முகம் சிவந்தது. தானும் மூன்று என்றார். நான் நான்கு என்றேன். சேவியர் அண்ணன் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், திரும்ப மாட்டினார். அந்த இடைவெளியில் வணிகவியல் அவரைக் காப்பாற்றிவிட்டது. "இல்ல மேடம், எனக்கு ரெண்டே இருக்கட்டும்."

இங்கே எவனாக இருந்தாலும் நிறுத்தியிருப்பான். எதிராளி களத்தைவிட்டே போய்விட்டார். ஆனால் ஓடுகிற வேகத்தில் எனக்கு அது உறைக்கவில்லை. "அஞ்சு" என்றேன்.

"சார், இது ஏலம் இல்ல" என்றார் மேனேஜர். "வேணும்னா வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்களேன்."

வீட்டில் கேட்டுச் செய்கிற பழக்கமெல்லாம் எனக்குக் கிடையாது என்றேன். (அந்த அறையில் சொல்லப்பட்ட மிகப் பெரிய பொய்.) கையெழுத்துப் போட்டதும் மாமனார் என்னை மயிலாப்பூருக்கு அழைத்துப்போய்த் தன் காசில் காபி வாங்கிக்கொடுத்தார். சேவியர் அண்ணனுக்கு வேலை இருந்ததாம், வரவில்லை. நல்ல காபிதான்; ஆனால் ஐந்து லட்சம் கொஞ்சம் அதிகம்.

"எவ்வளவு போட்டீங்க?" என்று ஸ்டெல்லா கேட்டாள். "அத்தான் ரெண்டு போட்டாரு" என்றேன். அட்சரம் பிசகாத உண்மை. மீதியை அவளே முடிவு செய்துகொண்டாள். நான் திருத்தவில்லை.

இரண்டு வருடம் வேன் ஓடியது. பிறகு, தினம் இருநூறு சாப்பாடு வாங்கிய கம்பெனி பாதிப் பேரை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லிவிட்டது. ஜெரால்டு ஆளைக் குறைத்தான், தானே வேன் ஓட்டினான், அப்படியும் தவணை நின்றது. பதிவுத் தபால் வந்தபோது நான் பள்ளியில் இருந்தேன். கையெழுத்துப் போட்டு வாங்கியது ஸ்டெல்லா.

அவள் கத்தவில்லை. "நாளைக்கு ரெண்டு பேரும் பேங்குக்குப் போறோம்" என்றாள். கத்தியிருந்தால் எனக்குத் தூக்கமாவது வந்திருக்கும்.

முதலில் வேனை விற்றுக்கொள்ளுங்களேன் என்று மேனேஜரிடம் வீரமாகத்தான் ஆரம்பித்தேன். விற்றாகிவிட்டது, அதுபோகவும் ஏழு லட்சத்துக்கு மேல் நிற்கிறது, சேவியர் சாருடையது இரண்டு, உங்களுடையது ஐந்து என்றார். "அதை நாலா மாத்திக்க முடியுமா மேடம்?" என்று நான் கேட்டதை இன்று நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

ஏன் ஒருவர் இரண்டு, ஒருவர் ஐந்து என்று ஸ்டெல்லா கேட்டாள். மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அந்த அம்மாள் நடந்ததை நடந்தபடியே சொன்னார், வீட்டில் கேட்கிற பழக்கம் கிடையாது என்பது உட்பட. கடைசியில், "சார் மூணுல நின்னிருந்தாக் கூட நாங்க லோன் குடுத்திருப்போம்மா" என்றார்.

ஆட்டோ மந்தைவெளி தாண்டியதும் ஸ்டெல்லா, "என் தம்பிக்காக அஞ்சு போட்டது கூடத் தப்பில்ல" என்றாள். "ரெண்டுன்னு என்னை நம்ப வெச்சீங்களே, அதுதான்." ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்ப்பதாகத் தோன்றியது. எனக்கு அழுகை வந்தது, தூசி என்றேன்.

ஆக்னஸின் பணத்தை உடைத்துக் கட்டினோம். கோயம்புத்தூர் ஹாஸ்டல், கல்லூரி என்று கனவு கண்டவள், இங்கேயே பஸ்ஸில் போய்வரும் கல்லூரியில் சேர்ந்தாள். "எனக்குப் பரவால்லப்பா" என்று அவள் சொன்னதைத்தான் என்னால் பரவாயில்லை என்று விட முடியவில்லை.

எங்களைப் பார்க்க வந்த ஜெரால்டு வாசலிலேயே நின்றான். "மூஞ்சியக் காட்ட முடியல மாமா. ஆனா ஓடிப் போவ மாட்டேன், இங்கதான் கீறேன்." சொன்னபடியே இருக்கிறான். ஒரு கேன்டீனில் தலைமைச் சமையல்காரன். மாதம் பிறந்தால் முடிந்ததைக் கொண்டுவந்து அக்கா கையில் கொடுக்கிறான். என் கையில் கொடுப்பதில்லை. அது ஸ்டெல்லாவின் உத்தரவு.

எங்கள் சர்ச்சின் பங்குத் திருவிழா முடிந்ததும் கோயில் வளாகத்தில் காணிக்கைப் பொருள்களை ஏலம் விடுவார்கள். ஏலக்காரர் முதல் சேவலைத் தூக்கியதும் ஸ்டெல்லா என் வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொள்வாள். இத்தனை வருடம் ஆகியும் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களே என்று புதிதாக வந்த பாதிரியார் பிரசங்கத்திலேயே எங்களைப் பாராட்டினார். குடும்பம் மொத்தமும் குனிந்து சிரித்தது.

இந்த வருடமும் சேவல் வந்தது. சேவியர் அண்ணன் எழுந்து "இருநூறு" என்றார். சொல்லிவிட்டு மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். ஸ்டெல்லா பிடியை இறுக்கினாள்.