கூழ் அண்டாவை நான் அடைத்த கதை

செல்போனில் வீடியோ பார்த்தே எதையும் கற்றுக்கொண்டுவிடலாம் என்று நம்புகிறவர்களில் நானும் ஒருவன். அப்படித்தான் எங்கள் திண்டிவனம் வீட்டுக் கார் ஷெட்டுக்குள் ஒரு டிக் வெல்டிங் மிஷின் வந்து சேர்ந்தது. (கார் இல்லை. ஷெட் மட்டும்தான்.) பிழைப்புக்கு நான் நடத்துவது ஜெராக்ஸ் கடை. ஆனாலும் ஆர்கான் சிலிண்டரைச் சுவரோரம் நிறுத்திச் சங்கிலி போட்ட அன்று, ராக்கெட் விடப்போகிறவன் மாதிரி ஷெட்டுக்குள் நடைபோட்டேன்.

டிக் வெல்டிங் நாசூக்கான வேலை. கையில் பிடிக்கும் டார்ச்சின் ஊசிமுனையில் சுடர் நிற்கும். அதைச் சுற்றி ஆர்கான் வாயு வந்து, உருகிய இடத்தில் காற்றுப் படாமல் காக்கும். கரண்ட்டைக் கூட்டிக் குறைக்கக் காலடியில் ஒரு பெடல், தையல் மிஷினுக்கு இருப்பது மாதிரி. பழைய எவர்சில்வர் துண்டுகளில் கோடு இழுத்துப் பழகியதில் ஒரு கோடு நேராக வந்துவிட்டது. ஒருவன் கெட்டுப்போக அது போதாதா?

அந்த வருஷம் தெரு மாரியம்மனுக்கு ஆடிக் கூழ் ஊற்றுவது எங்கள் வீட்டு முறை. முதல் நாள் மதியம், கோயில் அண்டாவைக் கழுவிய என் மனைவி செல்வி, அது பக்கவாட்டில், அடியோரமாக ஒழுகுவதைக் கண்டுபிடித்தாள். கடுகளவு ஓட்டை. கோயில் வேலைகளை முன்நின்று பார்க்கும் கஸ்தூரி அக்கா, "பஜாருல குடுத்தா ஜல்தியா அடைச்சிக் குடுத்துருவாங்க" என்றார்.

"எதுக்குக்கா பஜாரு? மிஷினு வீட்டுலயே கீது" என்றேன் நான்.

செல்வி என்னை ஓரமாக இழுத்தாள். "இன்னாங்க, வெளாட்டு வேணாம். நாளைக்குத் தெருவே வந்து நிக்கும். கூழு இல்லன்னா காலத்துக்கும் என்னைத்தான் சொல்லிக்கினு இருப்பாங்க." அவள் நிஜமாகவே பயந்திருந்தாள். எனக்குத்தான் காது அடைத்திருந்தது.

செய்தி பரவி, தெருப் பெண்கள் ஷெட்டுக்கு வந்துவிட்டார்கள். நன்றாகப் பார்க்கட்டும் என்று ஷட்டரை முழுசாகத் தூக்கிவிட்டேன். ஆனால் அந்தச் சுடரை வெறும் கண்ணால் பார்க்கக் கூடாது. இருந்த ஒரே முகமூடி என் முகத்தில். ஆகவே, "எல்லாரும் அந்தாண்ட திரும்பிக்கோங்க" என்று உத்தரவு போட்டேன். என் வித்தையைப் பார்க்க வந்த கூட்டம் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பயபக்தியோடு நின்றது.

சுடர் பிடித்தது. ஓட்டையின் விளிம்பு வெள்ளியாக உருகியது. அடடா, என்ன அழகு. அந்த நேரம் பார்த்து, திறந்த ஷட்டர் வழியாக ஆடிக் காற்று தெருப் புழுதியோடு உள்ளே வந்து, அண்டாவைக் காக்க வேண்டிய ஆர்கானை அள்ளிக்கொண்டு போய்விட்டது. உருகிய இடம் கொதித்து, கருத்து, நுரைத்தது. பயந்துபோனால் மனுஷன் என்ன செய்வான்? பிரேக்கை மிதிப்பான். வண்டி ஓட்டிப் பழகிய கால், மிதித்துவிட்டது. பெடலை அழுத்தினால் கரண்ட் இன்னும் ஏறும் என்பது (வீடியோவில் தெளிவாகத்தான் சொல்லியிருந்தார்கள்) அந்தக் காலுக்குத் தெரியவில்லை.

"ஆயிடுச்சா தம்பி?" திரும்பாமலே கேட்டார் கஸ்தூரி அக்கா.

"ஆய்க்கினே கீதுக்கா."

முகமூடியைத் தூக்கினேன். கடுகு இருந்த இடத்தில் இப்போது எலுமிச்சம்பழம் நுழையும். கஸ்தூரி அக்கா அண்டாவுக்குள் தலையை விட்டுப் பார்த்தார். செல்விக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. எனக்கு அவமானத்தில் உடம்பே வெந்துபோனது. அப்போது ஓட்டை வழியாகக் கஸ்தூரி அக்காவின் ஒற்றைக் கண் வெளியே எட்டிப் பார்த்து, இரண்டு முறை சிமிட்டியது. அழப்போன செல்வி வெடித்துச் சிரித்துவிட்டாள். அப்புறம் தெருவே சிரித்தது.

சிரித்து முடித்து, என்னை ஏறிட்டும் பார்க்காமல், செல்வி அண்டாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பாத்திரக் கடைக்குப் போனாள். இவ்வளவு பெரிய ஓட்டையை அடைக்க நாளாகும் என்று கடைக்காரர் கையை விரித்துவிட்டார். "அப்ப அடைக்க வேணாம்ணா. ஒரு குழா மாட்டிக் குடுங்க" என்றிருக்கிறாள்.

மறுநாள் தமிழ்நாட்டிலேயே முதன்முறையாக (நான் விசாரித்தவரை) மாரியம்மன் கூழ் குழாயில் வந்தது. சொம்பை நீட்டினால் போதும். பக்கத்துத் தெருக்காரர்கள் வேடிக்கை பார்க்க வந்து வயிறு முட்டக் குடித்துவிட்டுப் போனார்கள். அவ்வப்போது வெங்காயத் துண்டு போய்க் குழாயை அடைத்துக்கொள்ளும். வேப்பங்குச்சியால் குத்திவிட ஓர் ஆள் வேண்டும். கஸ்தூரி அக்கா அங்கேயே என்னை நியமித்தார். அந்தப் பதவி இன்றும் என்னிடம்தான் இருக்கிறது.

கூழ் குடிக்க வரும் புது ஆட்கள், அண்டாவுக்கு எதுக்குக் குழாய் என்று கேட்பார்கள். குச்சியோடு உட்கார்ந்திருக்கும் என்னைச் செல்வி கைகாட்டுவாள்.

"எங்க வீட்டுக்காரரு ஓட்டையை அடைச்சாருங்க."