மேட்டு வளவுக்காரர்

சென்ற ஐப்பசியில் ஒரு காலை, ஒன்பதாவது டிப்பர் கிறவல் மண்ணைக் கொட்டிவிட்டுப் போன பிறகு, பக்கத்து வளவு குணரத்தினம் அங்கிள் மதிலுக்கு மேலால் என்னைப் பார்த்தார். முந்தைய வாரம் வரை அந்த மதில் அவர் நெற்றிக்கு இருந்தது. இப்போது இடுப்புக்கு.

"எப்பிடிப் பிள்ளை, வளவு?"

"உயர்ந்திருக்கு, அங்கிள்."

"மாரி வருகுதெல்லே. இனி ஒரு சொட்டுத் தண்ணி நிக்காது."

"அப்ப எங்க போகும்?"

"தண்ணிக்கு அறிவிருக்குப் பிள்ளை. பள்ளம் எங்கயெண்டு அதுக்குத் தெரியும்."

"பள்ளத்தில பூரணி அக்கான்ர வீடெல்லே இருக்கு?"

"காணி வாங்கேக்க அவ பாத்து வாங்கியிருக்கோணும்."

"அவ வாங்கேக்க எல்லாக் காணியும் ஒரே மட்டம், அங்கிள்."

 அவர் என் படிப்புக்காக வருந்துகிறவர் போலத் தலையை ஆட்டினார்.

"நான் என்ன, அவவின்ர காணியைத் தோண்டினனானோ? என்ர காணியைத்தானே உயர்த்தினனான்!"

வாசகரே, இவர்தான் மேட்டு வளவுக்காரர். உப்புவெளியில், எருமைகள் படுத்துக் கிடந்த தரவையைப் பதினான்கு துண்டாக்கி விற்ற எங்கள் குடியிருப்பில் மட்டும் காணப்படும் இனம் என்று எண்ணிவிடாதீர்கள். மழை பெய்கிற ஊரிலெல்லாம் இருப்பார். மாதிரிக்கு எங்களுடையவரை எடுத்துக்கொள்வோம். கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறார்.

நல்ல மனிதர். செத்த வீடென்றால் முதல் ஆளாகப் போய்க் கதிரை அடுக்குவார். பொங்கலுக்குப் பதின்மூன்று வீட்டுக்கும் புக்கை அனுப்புவார். தண்ணீர் விஷயத்தில் மட்டும் அவரிடம் ஒரு தனி விஞ்ஞானம் உண்டு: தன் எல்லையைத் தாண்டியதும் தண்ணீர் இல்லாமல் போய்விடுகிறது. முதல் மழை விட்டதும் சாரத்தை மடித்துக் கட்டி, குடையும் மண்வெட்டியுமாக இறங்கி, கூரைப் பீலியால் வழிவதை ஒழுங்கைக்குத் திருப்பி, ஒழுங்கையில் தேங்குவதை எதிர் வளவுக்கு வெட்டிவிட்டு, கடைசி அலை போகும் வரை காத்து நின்று, விருந்தாளியை பஸ் ஏற்றிவிட்டவரின் நிம்மதியோடு உள்ளே போவார். உள்ளே போனதும் எதிர் வளவு அன்ஸார் நானா மண்வெட்டியோடு வெளியே வருவார். ஒரே தண்ணீர்தான். அன்று மாலைக்குள் இருவரும் அதை நான்கு தடவை வழியனுப்பி வைப்பார்கள். வழியில் சந்தித்தால், "இந்த முறை மழை காணாது" என்று கதைத்துக்கொள்வார்கள்.

தண்ணீர் ஓட ஒரு கான் இல்லையா என்று கேட்பீர்கள். ஏன் இல்லை? காணி வரைபடத்தில் பதினான்கு வளவுகளின் பின்புறத்தாலும் நீல மையில் நேராக ஓடிக் களப்பில் விழுகிறது. நிலத்தில் தேடினால்தான் சிரமம். ஒருவர் அதன்மேல் வாழை வைத்திருக்கிறார், ஒருவர் கோழிக்கூடு, குணரத்தினம் அங்கிள் பின்மதில், அவருக்கு அடுத்த வளவில் நாங்கள் குளியலறையின் ஒரு பாதி. ஆம், நாங்களும்தான். அடுத்த பந்திக்குப் போவோம்.

பூரணி அக்கா வளவில் மட்டும் கான் கானாகவே இருந்தது. ஆகவே எல்லோருடைய தண்ணீரும் அங்கே வந்து, குணரத்தினம் அங்கிளின் பின்மதிலில் முட்டி நின்றது. அக்காவின் மகள் லோஜனாவுக்கு மார்கழியில் முதல் பிள்ளை. தம்பலகாமத்தில் புருசன் வீட்டில் இருந்தவளைப் பேற்றுக்குக் கூட்டி வர, முன்னறைக்கு வெள்ளையடித்து, யன்னலுக்கு வலை போட்டு, தொட்டில் கொழுக்கியும் மாட்டியாயிற்று. கார்த்திகை மழையில் அந்த அறைக்குள் கணுக்காலளவு தண்ணீர்.

அக்கா மதிலடிக்கு வந்தார். "அண்ணை, பின்மதிலில ஒரு ஓட்டை. ஒரு பைப் போற அளவு காணும். பிள்ளையைக் கூட்டி வரோணும்."

"ஓட்டை என்ன ஓட்டை, தங்கச்சி! கானையே வெட்டுவம். கூட்டம் போடுறன்."

மேட்டு வளவுக்காரரிடம் ஓட்டை கேட்டால் கூட்டம் தருவார். அது அவர் முற்றத்தில்தான் நடந்தது. காய்ந்த இடம் அதுதானே. கானை வெட்டத்தான் வேண்டும் என்று பதினான்கு வீட்டாரும் ஒரே குரலில் ஒத்துக்கொண்டார்கள். எங்கே தொடங்குவது என்றதும் ஒவ்வொருவரும் அடுத்தவர் வளவைக் காட்டினார்கள். கூட்டத்தில் வாய் திறக்காத நான் அன்று திறந்தேன்.

"முதல்ல உங்கட பின்மதிலில ஓட்டையைப் போட்டா, அங்கிள்..."

"போடலாம் பிள்ளை. பிறகு உங்கட குளியலறையை எப்ப இடிக்கிறம்?"

நான் உட்கார்ந்துவிட்டேன். தேநீர் வந்தது. வடை நன்றாக இருந்தது.

லோஜனா வரவில்லை. தம்பலகாமத்திலிருந்தே ஆஸ்பத்திரிக்குப் போய், புருசன் வீட்டுக்கே திரும்பிப் போனாள். பெண் பிள்ளை. பூரணி அக்கா காலை பஸ்ஸில் பிள்ளையைக் குளிப்பாட்டப் போய், இருட்டுகிற நேரம் திரும்புகிறார். முன்பென்றால் பகலெல்லாம் வாளியால் இறைத்து ஊற்றுவார். இப்போது இறைக்க ஆளில்லை. தண்ணீர் நின்ற இடத்தில் நிற்கிறது. அதில் நுளம்பு பெருகிவிட்டது. நுளம்புக்கு மேட்டு வளவும் ஒன்றுதான், பள்ள வளவும் ஒன்றுதான்.

இப்படி ஒருவரை உங்களுக்கும் தெரியும் என்று சிரிக்கிறீர்கள் அல்லவா? எழுந்து போய், உங்கள் கூரைப் பீலியின் வாய் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள். மிச்சத்தைப் பிறகு வாசிக்கலாம்.

போன கிழமை குணரத்தினம் அங்கிள் முழங்கையைச் சொறிந்தபடி எங்கள் வீட்டுக்கு வந்தார். எனக்குத் தமிழும் சிங்களமும் பிழையில்லாமல் எழுத வரும் என்பது அவருக்குத் தெரியும்.

"பிள்ளை, சுகாதாரப் பரிசோதகருக்கு ஒரு கடிதம் வேணும். ரெண்டு மொழியிலயும். பூரணி வளவில தண்ணியைத் தேக்கி வச்சு நுளம்பு வளக்கிறா, வந்து பாத்து நடவடிக்கை எடுங்கோ எண்டு."

நான் பேனாவை எடுக்கவில்லை. அவர் குரலைத் தணித்தார்.

"என்ர பேரைப் போடாதேங்கோ. நாளைக்கும் முகம் பாக்கிற சனம், அது நல்லாயிருக்காது. கீழ 'அயலவர்கள்' எண்டு மட்டும் போடுங்கோ. அதுக்குள்ள நீங்களும் அடங்குவியள்தானே?"