சாதி தெரியாத இயக்குநர்

உலகத்தில் காதல் எந்த ஆண்டு தோன்றியது என்பதில் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கலாம். கொங்கு நாட்டில் அது தோன்றியது 1991இல், இயக்குநர் தம்பிதுரையின் முதல் படம் வெளியான வெள்ளிக்கிழமை காலைக் காட்சியில் என்பதைக் கோயமுத்தூரில் யாரும் மறுக்க மாட்டார்கள். அதற்கு முன்பு இங்கே கல்யாணங்கள் மட்டுமே நடந்துகொண்டிருந்தன.

தம்பிதுரைக்குச் 'சமூகப் பார்வை' உண்டு. "என்ற படத்துல சாதியே கெடையாதுங்க. மனுசங்க மட்டுந்தான்" என்று பத்திரிகைகளுக்குச் சொல்வார். அது முற்றிலும் உண்மை. அவருடைய மூன்று படங்களிலும் அந்தச் சொல்லை ஒருவரும் உச்சரித்ததில்லை. வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் தோட்டமும் நாயகனும் இருப்பார்கள். அந்தப் பக்கம் குடிசையும் நாயகியும். பன்னிரண்டாம் ரீலில் நாயகி கிணற்றில் விழுந்து காதலுக்கு அமரத்துவம் அளிப்பாள். மூன்று படம், மூன்று கிணறு, மூன்றும் நூறு நாள்.

மூன்று கிணறுகளையும் தேடிப் பிடித்துக் கொடுத்தவர் உதவி இயக்குநர் சென்னிமலை. வெள்ளகோவில் பக்கத்துக்காரர். அவர் பிறந்த வீடும் வாய்க்காலுக்கு அந்தப் பக்கந்தான். ஐந்து வருடம் கிளாப் அடித்து, வசனத்தைப் படியெடுத்து, ஒருநாள் துணிந்து தானே ஒரு கதை எழுதிக்கொண்டு போனார்.

தம்பிதுரை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏங்கண்ணு, இந்தப் புள்ள கடைசி வரைக்கும் உசுரோடயே இருக்குது?"

"ஆமாங்க சார்."

"அப்பறம் படம் எப்படி முடியும்?"

"கல்யாணத்துல முடியுங்க சார்."

தம்பிதுரை மூன்று நாள் யோசித்தார். நான்காம் நாள், இதற்குப் பெயர் 'புரட்சி' என்று கண்டுபிடித்தார். "இத நான் எடுக்கறேன். அடுத்த படம் உன்ற டைரக்சன். நூறாவது நாள் மேடையில நானே அறிவிக்கறேன்" என்றார். அன்றைக்குச் சந்தோஷத்தில் சென்னிமலைக்குச் சோறு இறங்கவில்லை.

படப்பிடிப்பு தொடங்கியது. குடிசைப் பெண்ணாக நடிக்கப் பம்பாயிலிருந்து ஒரு சிவப்புப் பெண் வந்தாள். 'யதார்த்தம்' கெடாமல் இருக்கத் தினமும் காலையில் இரண்டு மணி நேரம் அவளுக்குக் கறுப்பு பூசினார்கள். அவளுடைய அம்மாவாக நடித்தவர் ஈரோட்டு நாடக நடிகை தாஜுன்னிசா. அவருக்குப் பூச்சு தேவைப்படவில்லை. களத்துமேட்டில் சுமை தூக்கிய கையால் மகளின் கையைப் பிடித்து மணமேடையில் அவர் கொடுத்தபோது, லைட் பிடித்தவர்கள்கூட மூக்கை உறிஞ்சினார்கள். சென்னிமலை அந்த இடத்தில் தன் அம்மாவை நிறுத்திப் பார்த்துவிட்டுக் கிளாப் பலகையால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

தயாரிப்பாளர் குமாரசாமி துடியலூரில் மில் வைத்திருப்பவர், தம்பிதுரைக்குத் தாய்மாமன். அவருக்குப் படத்தைப் போட்டுக் காட்டினார்கள்.

"படம் நல்லாத்தானுங்க மாப்ள இருக்குது. புள்ள என்ன குலமுங்க, எந்தக் கூட்டமுங்க?"

"அதெல்லாம் என்ற படத்துல இல்லீங்க மாமா. மனுசங்க மட்டுந்தானுங்க."

"செரிங்க. மனுசங்கள்ல எந்தக் கூட்டமுங்க?"

குமாரசாமி குரலை உயர்த்தவில்லை. எங்கள் பக்கத்தில் கதவைச் சாத்துவதென்றாலும் 'ங்க' போட்டுத்தான் சாத்துவார்கள்.

அடுத்த வாரம் ஒரு நாள் மட்டும் 'சிறு திருத்தப் படப்பிடிப்பு' நடந்தது. தாஜுன்னிசாவைக் கயிற்றுக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். நாயகி தன் வயிற்றில் பிறந்தவள் அல்ல, இருபது வருடம் முன்பு தேர்க்கூட்டத்தில் கண்டெடுத்த குழந்தை, நாயகனின் தாய்மாமன் தொலைத்துவிட்டுத் தேடிய மகளே அவள்தான் என்று சொல்லிவிட்டு அவர் உயிரை விட வேண்டும். உண்மை தெரிந்ததும் பம்பாய்ப் பெண்ணுக்குக் கறுப்பு பூசுவதையும் நிறுத்திவிட்டார்கள். மறுபடி எடுத்த கல்யாணக் காட்சியில் மணப்பெண் பளிச்சென்று இருந்தாள்.

தாஜுன்னிசா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். "ஏனுங்க சார், நான் வளத்தவதானுங்களே. கண்ணாலத்துல ஒரு ஓரமாவாச்சும் நிக்கக் கூடாதுங்களா?"

"நீங்க நின்னா காதல் தெரியாதுங்க அம்மணி. நீங்கதான் தெரிவீங்க" என்று தம்பிதுரை கலை நுணுக்கத்தை விளக்கினார்.

சென்னிமலை தம்பிதுரையைத் தனியாகக் கூப்பிட்டார். "சார், மாமன் மவளக் கட்டிக்கற கதையா ஆயிப்போச்சுங்களே. காதல் இதுல எதைத் தாண்டுச்சுங்க?"

"வாய்க்காலத் தாண்டுச்சல்ல கண்ணு. புள்ளையும் சாகல. நீ கேட்டதத்தான் செஞ்சுபோட்டேன். போயி அந்த அம்மா சாகற வசனத்த எழுதிக்கொண்டா."

சென்னிமலை அடுத்த படத்தை நினைத்துக்கொண்டு எழுதினார். எழுதிய தாளைத் தாஜுன்னிசாவிடம் கொடுக்கும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. நூறாவது நாள் விழா, ஊரின் பெரிய கல்யாண மண்டபத்தில். ஒரு கலைக்கழகம் தம்பிதுரைக்குச் 'சமத்துவக் காதல் செம்மல்' பட்டத்தை வழங்கியது. முன்வரிசையில் குமாரசாமி. கடைசிக்கு முந்தைய வரிசையில், அழைப்பிதழ் இல்லாமல் வந்திருந்த தாஜுன்னிசா.

செம்மல் உணர்ச்சிவசப்பட்டார். "இதா நிக்கறானே சென்னிமலை, இவன் எனக்குத் தம்பி மாதிரிங்க. ஒரே தட்டுல சாப்படாத கொறைதான். இன்னும் ரெண்டு நிமிசத்துல இவனப் பத்தி ஒரு அறிவிப்பு இருக்குது. அதுக்கு மின்ன ஒண்ணு சொல்றேன். இத்தன வருசத்துல ஒரு நாளாவது நீ என்ன சாதின்னு இவன நான் கேட்டிருப்பனா? அவனே சொல்லட்டும்."

மைக்கைச் சென்னிமலையின் பக்கம் நகர்த்தினார். சென்னிமலை கையிலிருந்த நன்றியுரையை ஒருமுறை பார்த்தார். பிறகு நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"சார் ஒரு நாளும் கேட்டதில்லீங்க."

கைத்தட்டலில் மண்டபம் அதிர்ந்தது. அது அடங்கும்வரை காத்திருந்தார்.

"சேந்த அன்னிக்கு எந்த ஊருன்னு கேட்டாருங்க. சொன்னனுங்க. ஊருல எந்தத் தெருன்னு கேட்டாருங்க. அதுவும் சொன்னனுங்க. அப்பறம் எதுவும் கேக்கோணும்னு அவருக்குத் தேவப்படலீங்க."