சிறு கோடு குலப்பெயர் அல்ல என்பதற்குச் சான்று வேண்டி

சலாத்திகா,
மத்திய ஜாவா.

‘எளிய கணினி’ மாத இதழ் ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் இல்லத்தாரும் அலுவலகத்தாரும் நலமாக இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். குறிப்பாக, ‘வீட்டிலிருந்தே வலைப்படிவம்’ என்ற தொடரை எழுதியவர் நலமாக இருக்க வேண்டும். இப்போது எனக்கு அவர் மிகவும் தேவைப்படுகிறார். தங்கள் நேரத்தை வீணாக்கக் கூடாது என்பதால் கடிதத்தின் சுருக்கத்தை முதலிலேயே எண்ணிட்டுத் தருகிறேன். ஓய்வு பெறும்வரை பள்ளியில் கணக்கு நடத்தியவன் என்பதால் எனக்கு இப்படித்தான் எழுத வரும்.

1. தங்கள் பாடத்தைப் பின்பற்றி என் மகள் கல்யாணத்துக்குப் படிவம் செய்த விதம்.
2. அந்தப் படிவத்தால் மணமகனும் மணமகளும் ஒரே குடும்பத்தாராகி, கல்யாணம் நின்றுபோகும் நிலை வந்திருப்பது.
3. பஞ்சர் ஒட்டும் பாய்ரான் இதில் எந்தக் குற்றமும் செய்யாதவர். எந்த உதவியும் செய்ய முடியாதவர்.
4. தாங்கள் முத்திரையிட்டுத் தர வேண்டிய சான்று.

முதலாவது. என் ஒரே மகள் வெனிங்குக்கும் பின்சார் நபாபான் என்ற பையனுக்கும் சர்ச்சில் நாள் குறித்திருக்கிறது. பையன் சுமத்ராவின் பத்தாக் இனத்தவர். இங்கே படிக்க வந்து இங்கேயே வேலையில் அமர்ந்தவர். யார் யார் விருந்துக்கு வருகிறார்கள் என்று தெரிந்தால் சமையலுக்கு வசதி என்று நினைத்தேன். எங்கள் தெருவில் நேரில் போய்க் கேட்டால் ஒருவரும் வரமாட்டேன் என்று சொல்லமாட்டார்கள். காலில் கட்டுப் போட்டுப் படுத்திருப்பவரும் “கண்டிப்பா வந்துடுறேன்” என்பார். ஆகவே தங்கள் இதழின் பாடத்தை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு, ஒரு வரி விடாமல் பார்த்து எழுதினேன். முதல் பெட்டியில் பெயர், இரண்டாம் பெட்டியில் குடும்பப் பெயர், அடியில் ஒரு பட்டன். அதை அழுத்தினால் எழுதியது சர்வருக்குப் போகும். அங்கே இருக்கும் ஸ்கிரிப்ட் அதை வாங்கிப் படித்து, ஒரு பக்கத்தில் வரிசையாக அடுக்கி எல்லாருக்கும் காட்டும். சர்வர் என்று நான் சொல்வது தெருச் சங்க அறையில் பிங்பாங் மேசைக்கு அடியில் இருக்கும் பழைய கணினியை. அது ஓடியது. ஓடும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. ஓடியபோது கொஞ்ச நேரம் எழுந்து நின்றேன்.

ஆனால் ஐயா, தங்கள் பாடத்தில் இரண்டாம் பெட்டி கட்டாயம். அதை நிரப்பாமல் படிவம் நகராது. எனக்குப் பிரவொத்தோ என்று ஒரே பெயர். என் தகப்பனாருக்கும் ஒரே பெயர். அது வேறு பெயர். ஜாவாவில் இப்படிப் பாதிப் பேர் இருப்பது தங்களுக்குத் தெரியாததல்ல, தங்கள் படிவத்துக்குத்தான் தெரியவில்லை. முதல் ஆளாக வந்து நிரப்பிய பாய்ரான், நெடுஞ்சாலை ஓரம் லாரிகளுக்குப் பஞ்சர் ஒட்டும் தனிக்கட்டை, கைபேசியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். “வாத்தியாரே, ரெண்டாவது பேரு கேக்குது. எங்கம்மா ஒண்ணுதானே வெச்சா? எங்க போய் வாங்கறது?” என்றார். நான் யோசித்துவிட்டு, ஒரு சிறு கோடு போடுங்கள் என்றேன். அவர் போட்டார். படிவம் நகர்ந்தது. அன்று மாலைக்குள் தெரு முழுவதும் கோடு போட்டது. குடும்பப் பெயர் உள்ளவர்கள்கூட, எல்லாரும் போடும்போது தாங்கள் மட்டும் போடாமல் இருப்பது மரியாதை இல்லை என்று போட்டார்கள்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் சோத்தோ சூப் கடை சுலாமி, பட்டனை அழுத்தியபின் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்ததால் அது நிற்கும்வரை அழுத்திக்கொண்டே இருந்தாராம். பெயர்கள் காட்டும் வலைப்பக்கத்தில் சுலாமி வருகிறார், சுலாமி வருகிறார், சுலாமி வருகிறார் என்று திரை முடியும்வரை வந்துகொண்டே இருந்தார். “இந்தப் பொம்பளைக்கு மட்டும் தனி அடுப்பு வெக்கணுமா?” என்று சமையல்காரர் கேட்டார். நான் பயந்துபோய்த் தங்கள் அடுத்த பாடத்தில் இருந்த ‘ஒரு குடும்பத்துக்கு ஒரு பதில்’ என்ற ஸ்கிரிப்ட்டையும் சேர்த்தேன். எது ஒரு குடும்பம் என்று ஸ்கிரிப்ட் எப்படி அறியும்? இரண்டாம் பெட்டியைப் பார்த்து. அது பார்த்தது. கோடு போட்ட எல்லாரையும் ஒன்றாகச் சேர்த்து, முதலில் நிரப்பியவரைத் தலைவராக்கியது. மறுநாள் பக்கத்தில் இப்படி இருந்தது: ‘குடும்பம்: –. குடும்பத் தலைவர்: பாய்ரான்.’ அதன் கீழே உறுப்பினர்களாக என் பெயர், என் மகள் பெயர், தெருவார் அத்தனை பேர். புதிதாக யார் கோடு போட்டாலும், ‘தங்கள் குடும்பத் தலைவர் பாய்ரான் ஏற்கெனவே பதில் தந்துவிட்டார், நன்றி’ என்று வந்தது.

சுலாமி நேரே பஞ்சர் கடைக்குப் போய்விட்டார். நானும் சமாதானம் செய்யப் பின்னாலேயே ஓடினேன்.

“ஏம்ப்பா பாய்ரான், போட்ட சட்டைக்குப் பட்டன் இல்ல, நீ எனக்குத் தலைவரா?”

“நானா கேட்டேன்? மிஷினு குடுத்துச்சு.”

“சரி சொல்லு, நான் கல்யாணத்துக்குப் போலாமா, வேணாமா?”

“போ, போ. போறதுக்கு முன்னாடி ஒரு கிண்ணம் சோத்தோ அனுப்பிட்டுப் போ. குடும்பத் தலைவரு பசியோட இருக்காரு.”

அனுப்பினார், ஐயா. மறுநாளிலிருந்து மற்றவர்களும் அனுப்பத் தொடங்கினார்கள். எதற்கு என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

இரண்டாவதற்கு வருகிறேன். அந்த உறுப்பினர்கள் பட்டியலில், என் மகளுக்கு நேர் கீழே, ‘பின்சார் –’ என்று மாப்பிள்ளையும் இருந்தார். நான் கவனிக்கவில்லை. சுமத்ராவில் இருக்கும் அவருடைய பெரியப்பா மரோலோப் நபாபான் கவனித்துவிட்டார். நபாபான் குலத்தார் சார்பில் பதில் தருவதற்காகப் பக்கத்தைத் திறந்தவர், முறைப்படி பதிலைத் தந்துவிட்டு, எனக்குத் தொலைபேசினார். பத்தாக் மக்களுக்குக் குலப்பெயர்தான் எல்லாம். ஒரே குலப்பெயர் உள்ளவர்கள் எங்கே பிறந்திருந்தாலும் உடன்பிறப்புகள், கட்டிக்கொள்ளக் கூடாது.

“அய்யா, உம்ம பொண்ணு எந்தக் குலம்?”

“எங்களுக்குக் குலம் எல்லாம் இல்லீங்க. வெறும் கோடுதான்.”

“கோட்டுல வெறும் கோடு என்ன, நல்ல கோடு என்ன? எங்க பையனும் அதே கோட்டுல இருக்கான். தலைவர் பேரு போட்டு, ஆளுங்க பேரு போட்டு, ஊரறியக் காட்டியிருக்கீர். அண்ணன் தங்கச்சியையா கட்டிக்கச் சொல்றீர்?”

“சரிங்க” என்றேன். பெரியவர் ஒருவர் சத்தமாகப் பேசும்போது சரிங்க என்று சொல்வதுதான் எங்கள் பக்கத்து மரியாதை.

மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, ஏன் கோடு போட்டீர்கள் என்று கேட்டேன். “மாமா, சுலாமி அக்கா கடையில எல்லாரும் கோடு போட்டாங்க. நான் மட்டும் நீளமா குலப்பேரு போட்டா, சுமத்ராக்காரன் பெருமை பீத்துறான்னு நெனப்பாங்களேன்னு போட்டேன்” என்றார். இவ்வளவு நல்ல பையன். என் மகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். பிறகு, “அப்பா, நான் இவரக் கட்டிக்கிறதா, இல்ல இவருக்குப் பொண்ணு பாக்குறதா? தங்கச்சி முறையில கேக்குறேன்” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் மடித்த துணியையே மறுபடி எடுத்து மடித்தாள்.

உடனே போய்ப் பிங்பாங் மேசைக்கு அடியில் உட்கார்ந்து, மாப்பிள்ளைக்கு நபாபான் என்று புதிதாகப் பதிந்தேன். ‘தங்கள் குடும்பத் தலைவர் மரோலோப் நபாபான் ஏற்கெனவே பதில் தந்துவிட்டார், நன்றி’ என்று வந்தது. கோட்டிலிருந்து எடுத்தால் நபாபான் ஏற்கவில்லை. நபாபான் ஏற்காததால் மறுபடி கோட்டில் போட வேண்டியதாயிற்று. ஸ்கிரிப்ட்டில் ஒரு வரியை நீக்கிப் பார்த்தேன். பக்கம் முழுவதும் வெள்ளையாகிவிட்டது. அந்த வரியைத் திருப்பிப் போட்டபோது பக்கம் வந்தது, ஆனால் பாதிரியாரும் எங்கள் குடும்பத்தில் சேர்ந்திருந்தார். கடைசியில் மின்கம்பியைப் பிடுங்கிவிட்டேன். பெரியவருக்குத் தொலைபேசி, எல்லாம் மறைந்துவிட்டது என்றேன். “நீர் மிஷின அணைச்சா நடந்தது நடக்காததாயிடுமா? நான் அச்செடுத்து, பிளாஸ்டிக் உறையும் போட்டு வெச்சிருக்கேன். காகிதத்துக்குப் பதில் காகிதமாக் குடும்” என்றார். எல்லாரும் சனிக்கிழமை நேரில் வருவதாகவும், காகிதம் இல்லையென்றால் பையனை அழைத்துக்கொண்டு போய்விடுவதாகவும் சொன்னார்.

மூன்றாவதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாய்ரான் மேல் எனக்கு வருத்தம் இல்லை. நான் போடச் சொன்ன கோட்டைத்தான் அவர் போட்டார். ஆனால் “நான் வேணா பேசிப் பாக்கட்டுமா வாத்தியாரே?” என்று அவர் கேட்டபோது, வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். ஓடும் லாரியின் ஓட்டுநருக்குக் கேட்கும்படி பேசிப் பழகியவர். இது மென்மையாகக் கையாள வேண்டிய விஷயம்.

ஆகவே நான்காவது. தங்கள் இதழின் தலைப்பிட்ட தாளில் கீழ்க்கண்டவாறு ஒரு சான்று வேண்டுகிறேன்: ‘படிவத்தின் இரண்டாம் பெட்டியில் இடப்படும் சிறு கோடு, பெட்டி வெறுமையாக இருப்பதைக் காட்டும் குறி மட்டுமே. அது குலம் அல்ல, கிளை அல்ல, வம்சம் அல்ல. அதற்குத் தலைவர் கிடையாது.’ முத்திரை கட்டாயம் வேண்டும். ஊதா மையாக இருந்தால் பெரியவர் இன்னும் நம்புவார். சொற்களில் பிழை இருந்தால் தாங்களே திருத்திக்கொள்ளலாம். நான் எழுதியதில் எனக்கே நம்பிக்கை இல்லை.

தங்கள் இதழ் தடையின்றி வெளிவரட்டும். தங்கள் சந்தாதாரர்கள் எல்லாருக்கும் இரண்டு பெயர்கள் அமையட்டும்.

பணிவுடன்,
பிரவொத்தோ

பின்குறிப்பு: சான்றை அனுப்ப வேண்டாம்.

இந்தக் கடிதத்தை உறையில் இடுவதற்குள் அவர்கள் இரண்டு வேன்களில் வந்துவிட்டார்கள். பெரியவருக்குச் சனிக்கிழமைவரை பொறுக்கவில்லையாம். சங்க அறையில் எல்லாரும் பாயில் உட்கார்ந்தோம். பெரியவர் பிளாஸ்டிக் உறை போட்ட தாளை நடுவில் வைத்து, “இந்தக் கோட்டுக் குலத்துக்குத் தலைவர் யாரு? அவர் பேசட்டும்” என்றார். பத்தாக் கல்யாணத்தில் ஒவ்வொரு பக்கத்துக்கும் பேச ஓர் ஆள் வேண்டுமாம். நான் பேச எழுந்தேன். அதற்குள் தெருவே திரும்பிப் பாய்ரானைப் பார்த்தது. கையில் கிரீஸோடு, விசேஷத்துக்கு வைத்திருந்த என் பத்திக் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அது எப்போது என் வீட்டிலிருந்து போனது என்று தெரியவில்லை.

“நான்தான் தலைவரு. சொல்லுங்க” என்றார். ஜன்னல் அதிர்ந்தது.

“பையன் உங்க குலம், பொண்ணும் உங்க குலம். எப்படிய்யா கட்டி வெக்கிறது?”

பாய்ரான் தாளை எடுத்துப் பார்த்தார். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்தார். “இவனா? இவன் எப்படா எங்க குடும்பத்துல பூந்தான்? டேய், உள்ள வர்றப்ப தலைவர் கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?”

“இல்லண்ணே.”

“கேக்கலல்ல? அப்ப உன்னத் தள்ளி வெச்சாச்சு. எங்க கோட்டுல உனக்கு இனி எடமில்ல. எந்திரி, அந்தப் பக்கம் போய் உக்காரு.”

பெரியவர் கேட்டார்: “தள்ளி வெக்க உமக்கு அதிகாரம் இருக்கா?”

“காகிதத்துல யாரு பேரு மேல இருக்கு? நீங்க எடுத்துட்டு வந்த காகிதம்தானே, படிங்க.”

பெரியவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுப் படித்தார். எழுந்தார். அந்தப் பக்கம் வந்து நின்ற மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு, தோளில் அவர்கள் நெசவுத் துணியைப் போர்த்தி, “வந்துட்டான்யா நம்ம பையன்” என்று அழுதார். பிறகு பாய்ரானின் கையைப் பிடித்து, ஜாவாவுக்கு வந்ததிலிருந்து தன் காதில் தெளிவாக விழுந்த முதல் பேச்சு இதுதான் என்றார். குலம் இல்லாத பெண்ணை வேறு குலத்தில் தத்துக் கொடுத்துச் செய்ய வேண்டிய சடங்கும் இப்போது வேண்டாமாம். பெண்ணுக்குத்தான் குலம் இருக்கிறதே என்கிறார். வெனிங் துணிகளைப் பெட்டியில் அடுக்கிவிட்டாள்.

ஆகவே ஐயா, படிப்படியாக எழுதிப் பார்த்தேன். கோடு குலம் அல்ல என்றால் பாய்ரான் தலைவர் அல்ல. அவர் தலைவர் அல்ல என்றால் தள்ளி வைத்தது செல்லாது. அது செல்லாது என்றால் கல்யாணம் நின்றுபோகும். இதே சான்றைக் கேட்டுத் தங்கள் வலைத்தளத்தின் தொடர்புப் படிவத்திலும் நேற்றே அனுப்பிவிட்டேன். அதைப் பார்த்துத் தாங்கள் சான்றை அனுப்பிவிடக் கூடாது என்றுதான் இந்தக் கடிதத்தைக் கிழிக்காமல் அனுப்புகிறேன். அங்கும் இரண்டாம் பெட்டி கட்டாயமாக இருந்தது. கோடு போட்டேன். தங்களுக்கு இதுபோல் வேறு பிரவொத்தோ யாராவது எழுதியிருந்தால் அவரோடு என்னைச் சேர்த்துவிட வேண்டாம்.

எண் மூன்றின் முற்பாதியை அப்படியே வைத்துக்கொள்ளவும். எந்த உதவியும் செய்ய முடியாதவர் என்று எழுதிய பிற்பாதி தவறு.

பிரவொத்தோ –