லுங்கிக்குப் பின்னால் ஓடிய காட்சி

தமிழ் சினிமாவில் ஒரே படத்துக்கு ஒவ்வொரு மழைக்கும் புதிதாக ஒரு இரண்டாம் பாதி எடுத்துக் காட்டிய மனிதர் எங்கள் குப்பத்து செகண்டாஃப் ஒருவர்தான். அவரிடம் கேமரா கிடையாது. நடிகர்கள் கிடையாது. படத்தின் முக்கியமான கட்டத்தில் இடுப்பில் லுங்கியும் கிடையாது.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரிந்த பெயர் அது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலுக்கும் சவுக்குத் தோப்புக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கும் ஊர் எங்களுடையது. அங்கே மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தும் அவருக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. படகு அலையில் ஏறினால் வாந்தி எடுப்பார். ஊரார் சொல்வதை நம்பினால், கரையில் இழுத்துப் போட்ட படகில் உட்கார்ந்தாலும் வாந்தி எடுப்பார். அதனால் செங்கல்பட்டில் ஒரு சவுண்ட் சர்வீஸ் கடையில் சேர்ந்து, கல்யாண வீடுகளுக்கு மரமேறிக் குழாய் ஸ்பீக்கர் கட்டினார். அந்தக் கடையை மூடிய நாளில் முதலாளி ஒரு சின்ன டிவியையும் ஒரு சிடி பிளேயரையும் அவர் கையில் கொடுத்து அனுப்பினார்.

பிளேயருக்குள் ஒரு சிடி சிக்கியிருந்தது. ஸ்குரூ டிரைவரால் நெம்பினார். மீன் முள்ளால் கிளறினார். தலைகீழாகக் கவிழ்த்து, புரையேறிய குழந்தையைத் தட்டுவதுபோல் முதுகில் தட்டினார். அது வரவில்லை. அது வராமல் வேறு சிடி உள்ளே போகவும் முடியாது. அந்தக் காலத்தில் ஒரு படம் இரண்டு சிடிகளில் வரும். சிக்கியிருந்தது ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தின் முதல் சிடி. ஆக, எங்கள் ஊருக்கு வாய்த்தது ஒரே ஒரு படம், அதிலும் பாதி. மீதியை அவர் வாயால் சொன்னார். பெயர் அப்படித்தான் வந்தது.

காட்சி நேரத்தைக் கடல் முடிவு செய்தது. ஐப்பசி, கார்த்திகையில் கடல் கொந்தளித்தால் படகுகள் போகாது. படகு போகாவிட்டால் மீன் ஏலம் விடும் கொட்டகை காலியாக இருக்கும். கொட்டகை காலியாக இருந்தால் பெரும்பாலான வீடுகளில் அடுப்பும் எரியாது. அன்று விளக்கு வைக்கும் நேரத்தில் அவர் டிவியைத் தோளில் சுமந்துகொண்டு வருவார். மீன் இருந்தால் ஏலம், மீன் இல்லாவிட்டால் சினிமா. ஊரில் எந்தப் பிள்ளைக்கும் இதை யாரும் விளக்கியதில்லை. டிவி வருகிறது என்றால் சோறு வராது என்று எங்களுக்குத் தெரியும். ஆனாலும் ஓடுவோம். வீட்டில் உட்கார்ந்து வெறும் பானையைப் பார்ப்பதைவிட அது மேல்.

படம் இதுதான். உப்பளத்தில் கூலி வேலை செய்யும் ஒரு அம்மா, இரண்டு பிள்ளைகள், ஒரு கொடுமைக்கார முதலாளி, அவனுடைய நல்ல மகன். முதலாளி அம்மாவின் முகத்தில் உப்பை வீசுவான். நல்ல மகன் மழையில் நனைந்துகொண்டே ஒரு பெண்ணோடு பாடுவான். அந்தப் பாட்டில் இருவரும் நின்ற நெருக்கத்தைப் பார்த்தால் காற்றுகூட நடுவில் போயிருக்காது. அதையெல்லாம் செகண்டாஃப் தாராளமாக ஓடவிட்டார்.

அந்தப் பாட்டு முடிந்து, உப்பளத்து அம்மா முதலாளி வீட்டு விசேஷத்துக்கு வேலைக்குப் போய், இருட்டும்போது ஒரு தூக்குப் பாத்திரத்தோடு தன் குடிசைக்குத் திரும்புவாள். கதவைத் திறப்பாள். அந்த இடத்தில் செகண்டாஃப் எழுந்து, லுங்கியை அவிழ்த்து டிவி மேல் போர்த்திவிடுவார். கோடு போட்ட டிராயரோடு டிவிக்கு முன்னால் நின்று, உள்ளேயிருந்து வரும் சத்தம் கேட்காதபடி ஐஸ் பெட்டி மூடியைத் தட்டிக்கொண்டு தொண்டை கிழியப் பாடுவார். காட்சி முடிந்ததும் லுங்கியை எடுத்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

"மாமா, அங்க இன்னா ஓடுது?" என்று கேட்டால் எங்கள் அம்மாக்கள் எல்லாரும் ஒரே குரலில் பதில் சொல்வார்கள்.

"கெட்ட சீனு. கண்ண மூடு."

மழைப் பாட்டையே மூடாத மனிதர் லுங்கியைக் கழற்றி மூடுகிறார் என்றால் அது எவ்வளவு கெட்ட சீனாக இருக்க வேண்டும்! குப்பத்துப் பிள்ளைகளிடம் பல கருத்துகள் இருந்தன. முத்தம் என்றாள் என் தோழி கவிதா. கொலை என்றான் ஒருவன். அந்த வயதிலேயே எனக்கு எதையும் வரிசைப்படுத்திப் பார்க்கும் புத்தி. முத்தம் என்றால் பாட்டையும் மூடியிருப்பார், கொலை என்றால் பிறகு பிணம் வந்திருக்கும், எனவே அம்மாவுக்கு மூன்றாவது குழந்தை பிறக்கிறது என்று தீர்ப்புச் சொன்னேன். அந்தக் குழந்தை அடுத்த காட்சியில் எங்கே போனது என்று கவிதா கேட்டாள். முன்பக்கம் மூடியிருந்தால் பின்பக்கமாகத் தெரியும் என்று அவள் ஒருநாள் டிவிக்குப் பின்னால் தவழ்ந்து போய் ஒயரில் கை வைத்தாள். ஷாக் அடித்தது. "கெட்ட சீன பார்த்தா அப்டித்தான்" என்று அவள் அம்மா அதையும் ஒரு பாடமாக்கிவிட்டார்.

அதன் பிறகு சிடி தீர்ந்துவிடும். திரை நீலமாகும். செகண்டாஃப் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பிப்பார்.

"இப்ப இன்னா ஆச்சு, அந்தம்மா ரெண்டு புள்ளைங்களயும் இட்டுகினு பஸ் ஏறிட்டா."

"யோவ், போன வாட்டி கப்பல்ல போனான்னு சொன்ன?" பின்னாலிருந்து யாராவது ஒரு பெரியவர் கேட்பார்.

"அது போன மழைக்கு. இந்த மழைக்கு பஸ்ஸு."

"டிரைவர் யாரு, நீயா?"

"நானா ஓட்டினா நீ ஏறுவியா அண்ணாத்த?"

ஒரு மழைக்கு அந்த அம்மா டீச்சரானாள். ஒரு மழைக்கு முதலாளியின் உப்பளத்தை வாங்கி அவனையே உப்பு வார வைத்தாள். ஒரு மழைக்குக் கலெக்டரானாள். எங்கள் ஊருக்கே வந்து தெருவிளக்கு போட்டாள். எந்தக் கதையும் முடிந்ததில்லை. கடைசிப் பிள்ளை தூங்கும் வரை அந்த அம்மாவுக்கு ஓய்வு கிடையாது. எல்லாரும் தூங்கியதும் அவர் சட்டென்று நிறுத்திவிடுவார். அம்மாக்கள் எங்களைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு போவார்கள். பசி என்று யாரும் கேட்காமல் ஒரு நாள் கழிந்தது. அவ்வளவுதான் அந்தப் படத்தின் வசூல்.

சுனாமிக்குப் பிறகு ஊரைச் சாலைப் பக்கம் தள்ளிக் கட்டினார்கள். டிவி, பிளேயர் இரண்டும் கடலோடு போயின. நான் படித்தேன். இப்போது சிறுசேரியில் மென்பொருளைச் சோதிக்கும் வேலை. எது எங்கே உடையும் என்று முன்கூட்டியே கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். அம்மாவும் நானும் செங்கல்பட்டில் வாடகை வீட்டில் இருக்கிறோம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அந்தப் படத்தை யாரோ இணையத்தில் முழுதாகப் போட்டிருப்பதைப் பார்த்து டிவியில் ஓடவிட்டேன். உப்பு வீசும் காட்சி வந்தது. மழைப் பாட்டு வந்தது. அம்மா தூக்குப் பாத்திரத்தோடு குடிசையை நோக்கி நடந்தாள். என் கை தானாக ரிமோட்டுக்குப் போனது. இத்தனை வயதுக்குப் பிறகும் அம்மாவோடு உட்கார்ந்து ஒரு கெட்ட சீனைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

"இருக்கட்டும், வுடு" என்றார் அம்மா.

கதவு திறந்தது. உப்பளத்து அம்மா இலையை விரித்தாள். சோற்றைப் போட்டாள். சாம்பார் ஊற்றினாள். பொரியல், அப்பளம், வடை, பாயசம். பிள்ளைகள் இரண்டும் சாப்பிட்டன. கேமரா அவர்கள் வாயைவிட்டு நகரவே இல்லை. கறுப்பு வெள்ளையில் சாம்பாரின் நிறம் தெரியாது. ஆவி தெரிந்தது. பிள்ளைகள் கையை நக்கின, சிரித்தன, மறுபடி கேட்டன. அவள் மறுபடி போட்டாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். காட்சி மாறி உப்பளம் வந்துவிட்டது.

"ம்மா, கெட்ட சீன் எங்கம்மா?"

"அதான் பூடுச்சே."

அம்மா ரிமோட்டை வாங்கிச் சத்தத்தைக் குறைத்தார். பிறகு சொன்னார்.

"மொத தபா போட்டப்ப அண்ணாத்த மூடல. அத்தினி புள்ளைங்களும் பார்த்துச்சிங்க. வூட்டுக்கு வந்து, எனக்கும் அதே மாரி போடுன்னு ஒரே அழுவ. அரிசி இருந்தா தான போடறதுக்கு? எல்லார் வூட்லயும் அடி வுழுந்துச்சி. நீ வடை கேட்ட."

"நானா?"

"ரெண்டு கேட்ட. மூணு வயசு, உனக்கு எங்க நெனவிருக்கும்."

"அடிச்சியா?"

"அடிச்சேன். அழுதுகினே தூங்கிட்ட. நான் தான் தூங்கல."

மறுநாள் காலை பெண்கள் எல்லாரும் அவர் வீட்டு வாசலில் போய் நின்றிருக்கிறார்கள். இனி பெட்டியைத் திறந்தால் கடலில் தூக்கிப் போட்டுவிடுவோம் என்று சொல்லியிருக்கிறார்கள். அவர், படம் இல்லாவிட்டால் பிள்ளைகள் பொழுது சாய்ந்ததும் அடுப்பையே பார்த்துக்கொண்டு கிடக்கும், அந்த இடத்தை மட்டும் நான் மூடிக்கொள்கிறேன் என்றிருக்கிறார். பிளேயரில் ஓடவிடும் பொத்தான் ஒன்றுதான் வேலை செய்தது. தள்ளி ஓட்ட வழியில்லை, டிவியை அணைத்தால் மறுபடி எளிதில் உயிர் வராது. கையில் இருந்தது லுங்கி.

"கெட்ட சீன்னு அவரா சொன்னாரு?"

"நாங்க தான். பொம்பளைங்க எல்லாம் கூடிப் பேசி வெச்சோம். சோத்த மூடறோம்னா இன்னா சோறுன்னு கேப்பீங்க. கெட்ட சீன்னா கேக்க மாட்டீங்க. பெரிய புள்ளைங்களுக்கு அடி வாங்குன நெனவு, வாயத் தெறக்கல."

படம் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாம் பாதியை அன்றுதான் இருவரும் முதன்முறையாகப் பார்த்தோம். அதில் பஸ் இல்லை, கப்பல் இல்லை, கலெக்டர் இல்லை. தன் பங்கையெல்லாம் பிள்ளைகளுக்கே போட்ட அந்த அம்மா, உப்புக் குவியலுக்குப் பக்கத்தில் விழுந்து செத்துப்போனாள். பிள்ளைகள் இரண்டும் ரயிலேறிப் போயின. சுபம்கூடப் போடவில்லை.

"இத்தப் போய் எடுத்து வெச்சிருக்கானுங்க பாரு" என்றார் அம்மா. கொஞ்சம் கழித்து, "அண்ணாத்த கதி தெரியுமா உனக்கு? போய் பார்க்கணும்" என்றார்.

அடுத்த ஞாயிறு வீட்டில் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறிப் போனோம். செகண்டாஃபுக்குத் தொண்டையில் கட்டி. பெரிய ஆஸ்பத்திரியில் பார்க்க முடிந்த வரை பார்த்து, மூக்கு வழியாகக் குழாய் போட்டு வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். கஞ்சி, பால், மாத்திரைத் தூள் எல்லாம் அதில்தான். வாய் வழியாகச் சோறு போய் மாதக்கணக்காகிறதாம். இனிமேல் போகாது என்று அவர் தங்கை கன்னியம்மா அத்தை வாசலிலேயே சொன்னார். குரலும் போய்விட்டது. கட்டிலில் அவர் ஒரு துணி மடிப்புபோல் கிடந்தார். வாந்தி வராத ஒரே படகு அந்தக் கட்டில்தான் என்று பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் எங்களுக்கு ஆறுதலாகச் சொல்லப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. செகண்டாஃப் மட்டும் தோளைக் குலுக்கிச் சிரித்தார்.

"அண்ணாத்த, இவ அந்த சீன பார்த்துட்டா" என்று அம்மா போட்டுக்கொடுத்தார்.

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். உண்மையிலேயே ஏதோ கெட்ட சீனில் மாட்டிக்கொண்டவர்போல. பிறகு மெல்லத் திரும்பி, என்னைப் பார்த்துக் கையை விரித்தார். அப்புறம் என்ன ஆச்சு?

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவரும் மீதிப் படத்தைப் பார்த்ததில்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டார். "நீ சொன்னதே தான் அண்ணாத்த. அப்டியே எடுத்து வெச்சிருக்கானுங்க."

அவர் நம்பவில்லை. ஒரு கையை அலைபோல் ஆட்டிக் காட்டினார். பிறகு இரண்டு கைகளாலும் ஸ்டியரிங் பிடித்துக் காட்டினார். கப்பலா, பஸ்ஸா? அம்மா என் பக்கம் திரும்பினார்.

"பஸ்ஸு மாமா" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டார். தொழில் தெரிந்தவருக்குக் கிடைத்த நியாயமான அங்கீகாரம்போல.

கன்னியம்மா அத்தை ஒரு தட்டைக் கழுவி எடுத்து வந்தார். "தப்பா நெனைக்காத கண்ணு. யாரு வந்தாலும் இவரு எதிர்ல உக்காந்து துன்னணும். அத்த பார்த்தா தான் இவருக்குப் பொழுது போவுது. போஸ்ட்மேன் துன்னுட்டாரு. கேபிள்காரன் துன்னுட்டான். ஆளு வராத நாளு நானே நாலு வாட்டி துன்னு ஊதிப் போயிட்டேன்."

கட்டிலுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன். சோறும் காரப்பொடி மீன் குழம்பும். அத்தை ஊசி இல்லாத சிரிஞ்சை உயர்த்திப் பிடித்துக் கஞ்சியை அவர் குழாயில் ஊற்றினார். அவர் அதைக் கவனிக்கவில்லை. என் விரல்கள் சோற்றைப் பிசைவதையும், உருட்டுவதையும், வாய்க்குக் கொண்டுபோவதையும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் விழுங்கியபோது அவர் தொண்டையும் ஏறி இறங்கப் பார்த்து, முடியாமல் நின்றது. பார்க்கக்கூடாத எதையோ பார்த்துவிட்டதுபோல் அம்மா எழுந்து வெளியே போய்விட்டார்.

தட்டு காலியாகிக்கொண்டு வந்தது. அவர் கண்கள் என் கையிலிருந்து குழம்புச் சட்டிக்குப் போய்த் திரும்பின. வயிறு நிறைந்துபோய் மூச்சு முட்டியது.

"இன்னும் கொஞ்சம் சோறு போடுங்க அத்தை" என்று தட்டை நீட்டினேன்.