டைம்கீப்பர் வீட்டு அலாரம்

டைம்கீப்பர் பாதி முகத்தைத்தான் மழித்திருந்தார். அதற்குள் குளியலறைக்கு வெளியே மாட்டியிருந்த வெள்ளைப் பெட்டி வீறிட்டது.

அதை மாட்டி நாலு நாள்தான் ஆகியிருந்தது. அவர் வேலை பார்க்கும் பஸ் டிப்போவில் நடந்த பாதுகாப்புக் கூட்டத்துக்கு ஒருவர் வந்து பேசினார். கார்பன் மோனாக்சைடு என்று ஒரு வாயு உண்டு, அடுப்போ ஹீட்டரோ சரியாக எரியாவிட்டால் அது கிளம்பும், நிறம் இல்லை, வாசனை இல்லை, தலைவலி மாதிரி ஆரம்பித்து ஆளையே முடித்துவிடும் என்றார். டிரைவர்களும் கண்டக்டர்களும் டீ எப்போது வரும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க, டைம்கீப்பர் மட்டும் நோட்டுப் போட்டு எழுதிக்கொண்டார். அன்று சாயங்காலமே, அந்த வாயு வந்தால் கத்தும் அலாரத்தை வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தார்.

"கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. அப்புறம் அது இருக்குன்னு உங்களுக்கு மட்டும் எப்படிங்க தெரிஞ்சுது?" என்று அன்றைக்கே மனைவி கேட்டாள்.

இப்போது தெரிந்துவிட்டது.

"எல்லாரும் வெளிய வாங்க! ஓடுங்க!"

டைம்கீப்பர் அடுப்பை அணைத்தார். ஜன்னல், கதவு எல்லாவற்றையும் விரியத் திறந்தார். மனைவியையும் மகளையும் தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போய், தீயணைப்பு நிலையத்துக்கு போன் போட்டார். கூட்டத்தில் சொன்னபடி ஒன்றுவிடாமல் செய்தார், சவரத்தை முடித்ததைத் தவிர.

அந்தத் தெருவில் வீடுகள் எல்லாம் தோளோடு தோள் ஒட்டி நிற்பவை. ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் 'சளியா?' என்று கேட்பார்கள். அலாரம் அலறினால் கேட்க வேண்டுமா? முதலில் வந்தது பக்கத்து வீட்டு என்ஜினியர்தான். ஓய்வுபெற்றவர். இடுப்பில் துண்டு, தலையில் சோப்பு நுரை. பின்னாலேயே அவர் மனைவி, குளிர்கால விடுமுறைக்கு வந்திருந்த மகள், மருமகன், சின்னப் பேத்தி என்று குடும்பமே வந்துவிட்டது.

சிவப்பு வண்டி மணியடித்துக்கொண்டு வந்தது. ஒரு மீசைக்காரர் கையில் மீட்டரோடு இறங்கி, திறந்து கிடந்த வீட்டைச் சுற்றிவந்து உதட்டைப் பிதுக்கினார்.

"சுத்தமா ஒண்ணுமே இல்லையே, சார்."

"நல்லாப் பாருங்க. அலறிச்சே!"

"உங்க டிப்போ பஸ்ஸு என்னிக்காவது நேரத்துக்கு வந்திருக்கா, டைம்கீப்பர் சார்? ஃபயர் எஞ்சினைப் பாருங்க, கரெக்டா வந்திருச்சு!" என்றார் என்ஜினியர். தெரு கொல்லென்று சிரித்தது. என்ஜினியரின் தலையில் இருந்த நுரைகூடக் குலுங்கியது.

டைம்கீப்பர் மீதி முகத்தை மழிக்க உள்ளே போனார்.

தப்பு அடுப்பில்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டி, மறுநாள் மெக்கானிக்கை வரவழைத்தார். அவர் டியூபை மாற்றினார், பர்னரைக் கழுவினார், "புது மாப்பிள்ளை மாதிரி இருக்கு" என்று அடுப்பைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டேகாலுக்கு அலாரம் மறுபடி அலறியது.

மறுபடி ஜன்னல், கதவு, தெரு, சிவப்பு வண்டி, மீசைக்காரர். மறுபடி ஒன்றுமே இல்லை.

"பெட்டியே கோளாறா இருக்குமோ, சார்?" என்றார் மீசைக்காரர், கொட்டாவியை அடக்கிக்கொண்டு.

நியாயமான சந்தேகம். டைம்கீப்பர் வேறொரு கடையில் இன்னொரு பெட்டி வாங்கி, பழையதற்குப் பக்கத்திலேயே மாட்டினார். ஒன்று பொய் சொன்னால் மற்றது காட்டிக்கொடுத்துவிடும் என்பது அவர் கணக்கு. வெள்ளிக்கிழமை காலை இரண்டும் ஒரே குரலில் அலறின.

"முன்னாடி ஒண்ணுதான் மானத்தை வாங்கிச்சு. இப்ப ஜோடி சேர்ந்துக்கிச்சு" என்றாள் மனைவி, தெருவில் நின்றபடி.

இந்த முறை என்ஜினியர் வீட்டார் தயாராக வந்திருந்தார்கள். மருமகன் நாற்காலிகளைத் தூக்கிவந்து போட்டார். டீ வந்தது. பேத்தி, "அந்த மாமா இன்னிக்கும் ஓடுவாரா?" என்று கேட்டு, ஓடுவதைப் பார்த்ததும் கைதட்டியது.

"முப்பது வருஷம் பாய்லரோட குடும்பம் நடத்தினவன் நான். வாயு இருந்தா எனக்குத் தெரியாதா?" என்று என்ஜினியர் டீயை உறிஞ்சினார். "மனுஷன் நிம்மதியாக் குளிக்க முடியலை, சார். பாதியில எழுந்து ஓடிவர வேண்டியிருக்கு."

"நீங்க ஏன் ஓடி வர்றீங்க?"

"பின்னே, இதைப் பாக்காம எப்படி இருக்கறது?"

அவர் மனைவி நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "விளையாட்டு இல்லைங்க. நாலஞ்சு நாளா எங்க வீட்டுல எல்லாருக்குமே காலைல தலைவலி. எல்லாம் உங்க பெட்டி போடற கூச்சல்தான்."

டைம்கீப்பருக்கு முகம் சுண்டிப்போனது. தன் குடும்பத்தைக் காப்பாற்றப் போய் அடுத்தவர் குடும்பத்துக்குத் தலைவலி கொடுத்துக்கொண்டிருக்கிறோமே என்று உண்மையாகவே வருந்தினார். உள்ளே போனதும் அடுப்பையே மூட்டக் கூடாது என்று தடை போட்டார். சனிக்கிழமை முழுக்க வீட்டில் ரொட்டியும் பழமும்தான். பச்சைத்தண்ணீரில் குளித்த மகள் பற்கள் கிடுகிடுக்க வந்து நின்றாள்.

"அப்பா, அடுப்பு எரியலை. ஹீட்டர் நம்மகிட்ட கிடையவே கிடையாது. இனிமே அலாரம் அடிச்சா வாயு எங்கிருந்து வரும்?"

"உங்கப்பா வாயிலருந்துதான் வரணும்" என்றாள் மனைவி.

அன்று சாயங்காலம் என்ஜினியர் ஒரு காகிதத்தோடு வந்தார். தெருவாசிகளின் அமைதியைக் கெடுக்கும் கருவிகளை உடனே அகற்ற வேண்டும் என்று எழுதி, பதினாலு பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். பேத்திகூடப் பென்சிலால் ஒரு பூனை வரைந்திருந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்குக் கொஞ்சம் ஓய்வு வேணும். அவ்வளவுதான்" என்று என்ஜினியர் தோளில் தட்டினார்.

"நாளைக்கு ஒரு நாள் பாக்கறேன். அடிச்சா நானே கழட்டிடறேன்" என்றார் டைம்கீப்பர், தலை நிமிராமல்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு பத்துக்கு இரண்டு பெட்டிகளும் அலறின.

இந்த முறை டைம்கீப்பர் ஓடவில்லை, ஒரு ஜன்னலையும் திறக்கவில்லை. மாறாக, திறந்திருந்த ஒன்றிரண்டையும் ஓடிப்போய்ச் சாத்தினார். சத்தம் தெருவுக்குப் போகக் கூடாது. இரண்டையும் சுவரிலிருந்து கழற்றி, கம்பளியில் சுருட்டி, அதன்மேல் தலையணையை வைத்து, அதன்மேல் தானே உட்கார்ந்துகொண்டார். அடியிலிருந்து அவை முனகிக்கொண்டே இருந்தன.

"என்னங்க, எழுந்திருங்க. வெளிய போயிடலாம்" என்றாள் மனைவி. வாரம் முழுக்கக் கேலி செய்தவள் அவள்தான்.

"நீயுமா? ஊரே சிரிக்குது."

"சிரிச்சுட்டுப் போகட்டும். எனக்குத் தலை கிர்ருங்குது. இவ வேற வயித்தைப் பிரட்டுதுங்கறா."

டைம்கீப்பர் மகளைப் பார்த்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். எழுந்தபோது அவர் கால்களும் யாருடைய கால்களோ மாதிரி இருந்தன. மனைவி இருவரின் கையையும் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியேறி, பழக்கதோஷத்தில் கதவைச் சாத்தினாள்.

தெருவில் நாற்காலிகள் ஏற்கெனவே போடப்பட்டிருந்தன. என்ஜினியர் இடுப்பில் துண்டோடு, போனைக் காதில் வைத்திருந்தார்.

"ஆமாங்க, அதே வீடுதான். இன்னிக்கு அவர் கூப்பிடலை, நான் கூப்பிடறேன். வந்து அந்தப் பெட்டிகளைப் பிடுங்கிட்டுப் போங்க, புண்ணியமாப் போகும்."

சிவப்பு வண்டி வந்தது. மீசைக்காரருக்குப் பதிலாக ஒரு பெண் அதிகாரி இறங்கினார். யாருடைய பேச்சையும் காதில் வாங்காமல் மீட்டரை எடுத்துக்கொண்டு டைம்கீப்பர் வீட்டுக் கதவைத் திறந்தார். இரண்டடி வைத்திருப்பார், மீட்டர் கீச்சிட்டது. பின்வாங்கி வந்து முகமூடியை மாட்டிக்கொண்டு மறுபடி போனார். வெளியே வந்தபோது அவர் நடையில் வேகம் கூடியிருந்தது.

"ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்ததால வாயு வெளிய போகாம நிக்குது. உங்க குளியலறைச் சுவர்ல தண்ணிக்குழாய் போற ஓட்டைகிட்டதான் அதிகமா இருக்கு. சுவருக்கு அந்தப் பக்கம் யார் வீடு?"

எல்லாத் தலைகளும் என்ஜினியர் பக்கம் திரும்பின.

"எங்க குளியலறைதான்" என்றார் அவர். "ஆனா உங்க அலாரம் கேட்டாலே ஹீட்டரை நிறுத்திட்டுத்தான் வெளிய வருவோம். அங்க ஒண்ணும்..."

அதிகாரி அதற்குள் அவர் வீட்டுக்குள் போய்விட்டார். ஜன்னல்கள் படார் படாரென்று திறக்கும் சத்தம் கேட்டது. யாரும் டீயைத் தொடவில்லை. அவர் திரும்பி வந்தபோது கையில் ஒரு பெரிய துணிப்பந்து இருந்தது. கரியேறிக் கறுத்துப் போயிருந்தது.

"காஸ் ஹீட்டரோட புகைக்குழாயில இதைத் திணிச்சது யாரு?"

"நான்தான். அது வழியாக் குளிர்காத்து உள்ள வந்துச்சு. பேத்தி வர்றாளேன்னு... ஜன்னல் இடுக்கையும் டேப் வச்சு ஒட்டிட்டேன். முப்பது வருஷம் பாய்லர்ல..." என்ற என்ஜினியர் கறுத்த துணியைப் பார்த்தார். அவர் மனைவி பேத்தியை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

டைம்கீப்பருக்கு மட்டும் கூச்சம் விடவில்லை. அதிகாரியிடம் மெதுவாகப் போய் நின்றார்.

"மன்னிச்சுக்குங்க, மேடம். நாலு தடவை கூத்தடிச்சு ஊரே சிரிச்சதுதான் மிச்சம். ஒருத்தருக்கும் பிரயோஜனம் இல்லை."

அதிகாரி துணிப்பந்தைக் கீழே போட்டுவிட்டு, காலியான ஐந்து நாற்காலிகளையும் ஒரு பார்வை பார்த்தார்.

"நல்லவேளை சிரிச்சாங்க, சார். ஒவ்வொரு தடவையும் உங்களை வேடிக்கை பாக்கறதுக்குன்னு ஹீட்டரை நிறுத்திட்டுக் குடும்பத்தோட வெளிய வந்தாங்க பாருங்க, அதனாலதான் அஞ்சு பேரும் இன்னும் உயிரோட இருக்காங்க."