மூக்குச் சித்தரின் முல்லை வாசம்

வெளியூர்ப் பேருந்து நிலையத்தில் அன்றைக்கும் இரண்டு வரிசைகள். பைகளைத் திறந்து பார்க்கும் சோதனை மேசைக்கு முன்னால் நாலு பேர். மூக்குச் சித்தருக்கு முன்னால் நானூறு பேர்.

மூன்று மாதத்துக்குள் சந்தையில் ஒரு குண்டு, ரயிலில் ஒரு குண்டு வெடித்திருந்தது. பயணம் என்றாலே ஜனங்கள் சாமியைக் கும்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினார்கள். அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார் சித்தர். எங்கே தவம் செய்தார், எத்தனை வருடம் செய்தார் என்று யாரும் கேட்கவில்லை. அவருக்குக் கடவுள் கொடுத்த வரம் ஒரு மூக்கு. பையை மோந்து பார்ப்பார். உள்ளே குண்டு இருந்தால் சுடுகாட்டு வாடை அடிக்குமாம். இல்லாவிட்டால் முல்லை வாசமாம். முல்லை என்றால் கைப்பிடியில் பச்சைக் கயிறு கட்டிவிடுவார். காணிக்கை உங்கள் இஷ்டம். அந்த இஷ்டம் ஐம்பதுக்குக் குறைந்தால் மட்டும் மூக்குக்குச் சளி பிடித்துவிடும்.

இதுவரை ஒரு பையிலும் சுடுகாட்டு வாடை அடித்ததில்லை. அதுவே அவருடைய மகிமைக்குச் சாட்சி என்று கூட்டம் சொன்னது. நானும் ஒரு வீட்டிலும் திருடியதில்லை. எனக்கு யாரும் கற்பூரம் காட்டக் காணோம்!

இதையெல்லாம் மேசைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள் சோதனையம்மா. பதினோரு வருடமாகப் பைகளைத் திறந்து பார்ப்பவள். பெயர் மறந்து பட்டமே நிலைத்துவிட்டது. போன வாரம் நிலைய மேலாளர் ஒரு உத்தரவு போட்டார். பச்சைக் கயிறு கட்டிய பையைத் திறக்க வேண்டாம், வரிசை சீக்கிரம் நகரும்.

அன்று முதல் அவளுக்குத் தூக்கம் போயிற்று. பத்து மணி வண்டியை ஓட்டுகிறவர் அவள் புருஷன். திறக்காத நாற்பது பைகளைக் கூரைமேல் ஏற்றிக்கொண்டு தினமும் போய்வருகிறார்.

"ஏங்க, உள்ள என்ன இருக்குன்னு தெரியாம எப்படிங்க வண்டி எடுக்கிறீங்க?"

"சித்தர் மோந்துட்டாருல்ல? நீ ஏன் அபசகுனமாப் பேசுற?" என்றார் அவர். ஸ்டியரிங்கிலும் பச்சைக் கயிறு.

இனிப் பேசிப் பயனில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. சோதனை மேசைக்குப் பின்னால் இருந்த அலமாரியைத் திறந்தாள். அதில் மூடியில்லாத ஒரு மரப்பெட்டி இருந்தது. களிமண் கட்டி, நாலு ஒயர், ஓடாத கடிகாரம்; பார்த்தால் குண்டு, தொட்டால் பொம்மை. அடியில் சிவப்பு எழுத்தில் 'சோதனைக்கு மட்டும்' என்று எழுதியிருக்கும். மாதம் ஒரு தடவை அதை ஒரு பையில் மறைத்து அனுப்பி, காவலர்கள் கண்டுபிடிக்கிறார்களா என்று பார்ப்பது அவள் வேலை. பையைக் கொண்டுபோகிறவரைத் தவிர யாருக்கும் முன்கூட்டிச் சொல்லக்கூடாது என்பது விதி. இந்த மாதத் தடவை பாக்கி இருந்தது.

மறுநாள் பெட்டியை ஒரு பையில் வைத்துத் தன் நாத்தனாரிடம் கொடுத்தாள். நாத்தனார் தையல்காரி, முகம் மாறாமல் பொய் சொல்லக்கூடியவள்.

"துணிமணிதான் சாமி" என்று பையை நீட்டினாள் நாத்தனார்.

சித்தர் கண்ணை மூடினார். மூச்சை இழுத்தார். "ஆகா! முல்லைத் தோட்டமே பூத்திருக்கு. போயிட்டு வா தாயி!"

கயிறு ஏறியது. பையும் வண்டி ஏறியது. புருஷன் வண்டியைக் கிளப்பப் போகும்போது சோதனையம்மா குறுக்கே வந்து நின்றாள்.

"அந்தப் பையை இறக்குங்க."

"கயிறு கட்டுன பைம்மா!" என்று மேலாளர் ஓடி வந்தார்.

"அதனாலதான் சார் இறக்கச் சொல்றேன்."

பை சோதனை மேசைக்கு வந்தது. கூட்டம் கூடிவிட்டது. மேசைக்கு அந்தப் பக்கம் சித்தர், இந்தப் பக்கம் ஜனங்கள். "சாமி, இன்னொரு தடவை மோந்து சொல்லிடுங்க" என்றாள்.

"சந்தேகப் பிசாசே! முல்லைன்னா முல்லைதான்!"

பையைத் திறந்து பெட்டியை எடுத்து, சிவப்பு எழுத்து ஜனங்களுக்குத் தெரியும்படி சாய்த்துப் பிடித்தாள். "யாரும் பயப்படாதீங்க, படிச்சுப் பாருங்க" என்றாள். சித்தர் பக்கம் தெரிந்தது ஒயரும் கடிகாரமும்தான். அவர் எதையும் படிக்கக் காத்திருக்கவில்லை. உண்டியலைக் கட்டிக்கொண்டு சுவரேறிக் குதித்தார். செருப்பு மட்டும் இங்கேயே தவத்தில் அமர்ந்துவிட்டது.

சிரிப்பு அடங்கியதும் ஒரு பக்தர் விடவில்லை. "அது பொய்க் குண்டுன்னு சித்தருக்கு ஞானதிருஷ்டியில தெரிஞ்சிருக்கும். அதான் முல்லைன்னாரு!"

"தெரிஞ்சவர் எதுக்குண்ணே செருப்பை விட்டுட்டு ஓடினாரு?" என்றாள் சோதனையம்மா.

அண்ணன் செருப்பைப் பார்த்தார்.

வண்டியிலிருந்து இறங்கி வந்த புருஷன் முகம் வெளுத்திருந்தது. "நிஜக் குண்டா இருந்திருந்தா..." என்று இழுத்தார்.

"ஒரு வாரமா நான் அதைத்தாங்க நினைச்சு நினைச்சுச் செத்துக்கிட்டு இருக்கேன்" என்றாள் அவள். கண் கலங்கிவிட்டது. அவர் ஸ்டியரிங் கயிற்றை அறுத்தெறிந்துவிட்டு, "எல்லாப் பையும் இறங்கட்டும்" என்று குரல் கொடுத்தார். பழைய உத்தரவை யார் போட்டது என்றே தெரியாதவர்போல மேலாளரும் ஒரு பையைத் தூக்கினார்.

வரிசை சோதனை மேசைக்குத் திரும்பியது. முதல் ஆளாக வந்த பெரியவர் பையைக் கீழே வைத்துவிட்டு, பயபக்தியோடு வலது கையை நீட்டினார்.

"தாயி, சித்தரையே விரட்டின சக்தி உங்களுக்கு இருக்கு. உங்க கையால ஒரு கயிறு கட்டிவிடுங்க."

சோதனையம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"கையை நீட்டாதீங்க ஐயா. பையைத் திறங்க. பக்கத்துல ஆளில்லாத பை கிடந்தா சொல்லுங்க. அப்படியே அந்த மண்டையையும் கொஞ்சம் திறந்து வைங்க. அதை நான் சோதிக்க முடியாது, நீங்கதான் சோதிக்கணும்!"